அடுத்தவர் நோய்க்கு நான் ஏன் கட்ட வேண்டும்?

2024 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. பூஜை முடிந்து கோயில் மண்டபத்தில் பிரசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இளைஞர் பிரிவு நண்பர் ஒருவர் கேட்டார்: "நான் சிகரெட் பிடிக்கிறதில்ல, குடிக்கிறதில்ல. வாரத்துல மூணு நாள் ஃபுட்சால் ஆடுறேன். எவனோ கண்டதைத் தின்னு இனிப்பு நீர் வாங்கிக்கிட்டா, அவன் ஆஸ்பத்திரி செலவுக்கு நான் ஏன் காசு கட்டணும்? இது எந்த ஊரு தர்மம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதே வாரம்தான் அப்பாவின் மெடிக்கல் கார்டு கடிதம் வந்திருந்தது. மாதம் 210 வெள்ளியாக இருந்த பிரீமியம் இனி 318 வெள்ளி. அப்பாவுக்கு வயது 54. பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை. அவருக்கும் இனிப்பு நீர் உண்டு. "நிறுத்திடலாம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, கடிதத்தை மடித்துச் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நண்பர் சொன்ன அந்த "எவனோ" எங்கப்பாதான்.

அப்பாவுக்கு மட்டும் வந்த கடிதம் இல்லை அது. நாடு முழுவதும் பலருக்கு 40 முதல் 70 விழுக்காடு வரை பிரீமியம் உயர்வதாகச் செய்திகள் வந்தன. 2021 முதல் 2023 வரை மருத்துவக் காப்புறுதிக் கோரிக்கைகளின் செலவு மொத்தம் 56 விழுக்காடு ஏறிவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். டிசம்பர் 20 அன்று பேங்க் நெகாரா தலையிட்டது. உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட வேண்டும். அந்த ஆண்டில் கார்டை நிறுத்தியவர்கள் மீண்டும் சேரலாம் என்றது. ஏஜெண்டுக்கு நான்தான் போன் செய்தேன். அப்பாவின் கார்டு திரும்பி வந்தது. ஆனால் உயர்வு போய்விடவில்லை. தவணை முறையில் வருகிறது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு விவாதம் ஓயவில்லை. அனைவருக்கும் ஏற்ற ஓர் அடிப்படைக் காப்புறுதித் திட்டம் வரும் என்கிறார்கள். ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து பிரீமியம் கட்ட விடலாம் என்று 2025-இல் பேச்சு வந்தபோது, "முதுமைக்கு வச்ச காசை இப்பவே எடுத்தா அப்புறம் என்ன செய்றது?" என்று பலர் எதிர்த்தார்கள். 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கையும், சுகாதாரத்துக்குப் பணம் திரட்டும் முறை மாற வேண்டும் என்றுதான் சொன்னது. எப்படி மாற வேண்டும் என்பதைப் பொருளாதார வல்லுநர்கள் சொல்லட்டும். நண்பர் கேட்டது வேறு கேள்வி. அது தர்மத்தைப் பற்றியது. அதற்கு நாம்தான் பதில் தேட வேண்டும்.

முதலில், காப்புறுதி எப்படி வேலை செய்கிறது? லிஃப்டைத் தாங்கும் வடம் பல கம்பிகளால் முறுக்கப்பட்டது. எந்த ஒரு கம்பியாலும் தனியாக அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது. பத்துக் கம்பி விட்டுப்போனால், அவற்றின் பாரம் மீதிக் கம்பிகள் மேல் விழும். அதில் இன்னும் சில அறும். காப்புறுதியிலும் அதேதான். "எனக்கு நோயில்லை" என்று இளைஞர்கள் விலகினால், நோயாளிகளும் வயதானவர்களும் மட்டும் மிஞ்சுவார்கள். பிரீமியம் ஏறும். அது தாங்காமல் இன்னும் சிலர் விலகுவார்கள். கடைசியில் யாருக்குக் காப்புறுதி மிகவும் தேவையோ, அவரால்தான் அதைக் கட்ட முடியாமல் போகும். எங்கப்பா கடிதத்தை மடித்து வைத்தது போல.

இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். நம் தாத்தா பாட்டிகளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். தோட்டங்களிலும் கோயில்களிலும் மரண சகாய நிதி இருந்தது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு வீடு சில வெள்ளி. யார் வீட்டில் இழவு விழுந்தாலும் அந்தப் பணம் போகும். வருடக் கடைசியில் யாராவது பொருளாளரிடம் போய், "எங்க வீட்டுல இந்த வருஷம் யாரும் சாகல, கட்டுன காசைத் திருப்பிக் குடுங்க" என்று கேட்டதுண்டா? கேட்டால் ஊரே காறித் துப்பும். காசு வீணாகவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். நம் வீட்டில் இழவு விழாததே நமக்குக் கிடைத்த லாபம்.

"சரி, ஆனா அது விருப்பப்பட்டுக் கட்டுறது. சட்டம் போட்டு வாங்குனா அது தர்மமா?" என்று நண்பர் அடுத்து கேட்டார். நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேடித் திருக்குறளைப் புரட்டியபோது ஒன்றைக் கவனித்தேன். ஈகைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்; அது 23-ஆம் அதிகாரம். அதற்கு முன்னாலேயே, 22-ஆம் அதிகாரமாக, ஒப்புரவறிதல் வருகிறது. இரண்டும் ஒன்றென்றால் இரண்டு அதிகாரம் எதற்கு? ஈகை என்பது இல்லாதவருக்கு மனமிரங்கிக் கொடுப்பது. ஒப்புரவு என்பது ஊரோடு வாழ்பவன் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை. அந்த அதிகாரத்தில் வரும் உவமைகளைப் பாருங்கள்: நீர் நிறைந்த ஊருணி, ஊருக்குள் பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகிற மரம். மருந்து மரம், நோயாளியைப் பார்த்து "நீ ஏன் இனிப்பு சாப்பிட்ட?" என்று விசாரணை நடத்துவதில்லை.

ஆக, நோய்ச் செலவைப் பகிர்ந்துகொள்வது பிச்சை போடுவது இல்லை. அது ஒப்புரவு. பிச்சையைச் சட்டம் போட்டு வாங்க முடியாது. கடமையைச் சட்டம் நினைவூட்டலாம்.

"அவங்கவங்க கர்மா" என்று சொல்பவர்களும் நம்மில் உண்டு. என் துன்பத்தை நான் பொறுமையாகத் தாங்கக் கர்மக் கொள்கை உதவும். பக்கத்து வீட்டுக்காரர் துன்பத்தைப் பார்த்து நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க அதைச் சாக்காக எடுத்தால், அது என் கணக்கில்தான் ஏறும்.

ஆனால் எதிர்ப்பவர்கள் எல்லாரும் சுயநலக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். 2012-இல் 'ஒன் கேர்' என்ற திட்டப் பேச்சு எழுந்தபோது, "தாக் நாக்" என்று மக்கள் இயக்கமே நடத்தினார்கள். சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள், அந்தப் பணத்தை யார் கையாள்வார்கள் என்ற பயம்தான் காரணம். திட்டம் நின்றுபோனது. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் சொற்பக் கூலியிலிருந்து மாதம் 10 வெள்ளி கட்டினார்கள். அவர்கள் பணக்காரர்கள் இல்லை. நம்பினார்கள், கட்டினார்கள். மரண சகாய நிதி நிலைத்ததும், கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கணக்கு வாசிக்கப்பட்டதால்தான். கணக்குக் காட்டாத ஊருணியில் தண்ணீர் ஊற்று என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இது அரசுக்கும் பொருந்தும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தனியார் மருத்துவமனைக்கும் பொருந்தும்.

நமக்கும் பொருந்தும். "கார்டு இருக்குல்ல, ரெண்டு நாள் அட்மிட் ஆகிடு" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? கிளினிக்கில் தீர வேண்டிய காய்ச்சலுக்குப் படுக்கையில் படுத்தால், அந்தச் செலவு எங்கப்பா மாதிரி ஒருவரின் அடுத்த கடிதத்தில் ஏறும். ஊருணியில் தண்ணீர் எடுக்கலாம்; கால் கழுவக் கூடாது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன செய்தார்கள்? சிங்கப்பூரில் 2015 நவம்பர் 1 முதல் மெடிஷீல்டு லைஃப் திட்டம் குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் கட்டாயம். ஏற்கெனவே நோய் உள்ளவரையும் விலக்குவதில்லை. கடுமையான நோய் இருந்தவர்கள் 10 ஆண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதலாகக் கட்டுகிறார்கள். மீதியை மற்றவர்களும் அரசும் சுமக்கிறார்கள். அங்கேயும் வயது ஏற ஏற பிரீமியம் ஏறத்தான் செய்கிறது. அது சொர்க்கம் இல்லை. ஆனால் கம்பி எதையும் வடத்திலிருந்து கழன்றுபோக விடவில்லை. நம் நாட்டில் இன்றும் அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளிக்கு டாக்டரைப் பார்க்கலாம். மீதியை வரி கட்டும் அத்தனை பேரும் கொடுக்கிறார்கள். ஆக, நாம் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். எல்லாரும், வசதிக்கேற்ப, கணக்கோடு கட்டுவதா, இல்லை முடிந்தவர்கள் மட்டும் தப்பித்துக்கொள்வதா என்பதுதான் இன்றைய விவாதம்.

என்னையே ஒன்று கேட்டுக்கொண்டேன். மாதம் 20 வெள்ளி கூடுதலாகக் கட்டினால் எங்கப்பாவுக்கு 20 வெள்ளி குறையும் என்றால் கட்டுவேனா? யோசிக்காமல் கட்டுவேன். கூலாயிலோ குளுவாங்கிலோ இருக்கும், நான் பார்த்தே இராத ஒருவரின் அப்பாவுக்கு? கொஞ்சம் யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், யோசித்தேன். அந்தத் தயக்கம்தான் நான் தாண்ட வேண்டிய தூரம் என்று தோன்றுகிறது. கோயிலுக்கு வருவது, தேவாரம் படிப்பது எல்லாம் அந்தத் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத்தானே?

நண்பருக்கு இன்னும் முழுசாக ஒப்புதல் இல்லை. "சரிடா, கணக்கு சரியா காட்டுனா கட்டுறேன்" என்றார். எனக்கு அது போதும். தொடங்குவதற்கு நல்ல இடம்.