சொல் எழுப்பும் உருவம்

'பசு' என்ற ஒலி செவியில் விழுகிறது. அக்கணமே கொம்பும் வாலும் உடைய ஓர் உருவம் மனத்தில் எழுகிறது. அந்த ஒலியில் கொம்பும் இல்லை, வாலும் இல்லை. பின் எவ்வாறு ஓர் ஒலி ஓர் உருவத்தை அழைத்து வருகிறது?

பெங்களூரில் வளரும் தமிழ்க் குழந்தையைக் கவனியுங்கள். வீட்டில் அது கேட்பது 'பசு'. தெருவில் கேட்பது 'ஹசு'. தாய் 'பால்' என்கிறாள். பால்காரர் 'ஹாலு' என்கிறார். நமது 'பல்', அண்டை வீட்டில் 'ஹல்லு'. பழங்கன்னடச் சொற்களின் முதலில் நின்ற பகரம் காலப்போக்கில் ஹகரமாக மாறியதால் வந்த வேறுபாடு இது. குழந்தைக்கு இந்த வரலாறு தெரியாது. ஆயினும் அது குழம்புவதில்லை. ஒலி இரண்டு, உருவம் ஒன்று என்பதைத் தானே கண்டுகொள்கிறது.

இதற்கு மீமாம்சகர்கள் தந்த விளக்கம் இன்றும் சிந்திக்கத் தக்கது. ஒரு பெரியவர் மற்றொருவரிடம், 'பசுவைக் கொண்டு வா' என்கிறார். அவர் சென்று ஒரு விலங்கை ஓட்டி வருகிறார். அருகிலிருக்கும் குழந்தை இதைப் பார்க்கிறது. பின்னர், 'பசுவைக் கட்டு', 'குதிரையைக் கொண்டு வா' என்ற ஏவல்கள் வருகின்றன. எச்சொல் மாறும்போது எது மாறுகிறது, எச்சொல் நிற்கும்போது எது நிற்கிறது என ஒப்பிட்டு, ஒவ்வொரு சொல்லின் பொருளையும் குழந்தை பிரித்தறிகிறது. சொற்களைச் சேர்த்தும் நீக்கியும் பொருள் காணும் இம்முறையை 'ஆவாபம், உத்வாபம்' என்றனர். பெரியோரின் நடைமுறையிலிருந்து கற்பதை 'விருத்த வியவகாரம்' என்றனர்.

ஒலிக்கும் உருவத்துக்கும் இயல்பாகவே தொடர்பு இல்லையா என்று கேட்கலாம். சிறிது உண்டு. உல்ஃப்காங் கோலர் 1929-இல் தொடங்கிய ஓர் ஆய்வை, தமிழகத்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் 2001-இல் விரிவுபடுத்தினர். கூர்முனைகள் கொண்ட வடிவம் ஒன்று, வளைவான வடிவம் ஒன்று. இவற்றில் 'கிகி' எது, 'பூபா' எது என்று கேட்டபோது மிகப் பெரும்பாலோர் கூரியதையே 'கிகி' என்றனர். ஆனால் இந்த ஒப்புமை மெல்லிய சாயல் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு 'பசு'வின் பொருளை ஒருவரும் ஊகிக்க இயலாது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு நித்தியமானது என்ற மீமாம்சகர்களும், அதைப் பெரியோரிடமிருந்தே அறிய வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டனர்.

இங்குதான் நமது பொறுப்பு தொடங்குகிறது. குழந்தை பார்த்தது ஒரு பசுவை. அறிந்துகொண்டதோ எல்லாப் பசுக்களையும். சொல் தனிப்பொருளை அன்று, இனப்பொதுமையையே சுட்டுகிறது என்று குமாரிலர் கூறியதன் கருத்து இதுவே. பசுவின் விஷயத்தில் இது அறிவு. மனிதர்களின் விஷயத்தில் இதுவே அநீதியாகலாம். ஒருவரிடம் கண்ட குறையை அவரது மொழியின் பெயரோடு, குலத்தின் பெயரோடு, சமயத்தின் பெயரோடு நாம் இணைத்துப் பேசினால், அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் குழந்தையின் மனத்தில் அந்தக் குறையே உருவெடுத்து நிற்கும்.

பெங்களூரு இதை அனுபவத்தில் அறிந்த நகரம். 1991-இல் காவிரிப் பிரச்சினையை ஒட்டி அங்கே தமிழர்களுக்கு எதிராக வன்முறை மூண்டது. அவ்வாண்டு அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, திறக்கப்படாமல் 18 ஆண்டுகள் மூடப்பட்டே நின்றது. எல்லா மாந்தருக்கும் பொதுவான அறத்தைச் சொன்னவரின் பெயர், பலரது செவியில் ஒரு தரப்பின் பெயராக மட்டுமே ஒலித்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று அச்சிலை திறக்கப்பட்டது. நான்கு நாட்களுக்குப் பின் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. சிலைகள் திறந்ததால் மட்டும் மனங்கள் திறந்துவிடுவதில்லை; ஆயினும் ஒரு பெயரோடு வேறோர் உருவத்தை இணைக்க அது வாய்ப்பளித்தது.

தவறாகப் பதிந்த உருவத்தைத் திருத்தும் வழியும் மீமாம்சகர்கள் காட்டிய முறையிலேயே இருக்கிறது. ஒரு வாக்கியத்தோடு நின்றுவிட்ட குழந்தைக்குப் பொருள் விளங்காது. பல வாக்கியங்களைக் கேட்டால்தான் விளங்கும். அதுபோல, ஒரு நிகழ்ச்சியோடு நின்றுவிட்ட மனத்துக்கு மனிதர்கள் விளங்கமாட்டார்கள். அண்டை வீட்டாரோடு உண்டு, பேசி, துன்பத்தில் துணை நின்று பழகும்போது, பழைய உருவம் தானே கரைகிறது.

'எல்லோரையும் நேசி' என்று குழந்தைக்குச் சொல்வது எளிது. ஆனால் பிறர் பெயரை உச்சரிக்கும்போது நமது குரல் எப்படி மாறுகிறது, முகம் எப்படிச் சுளிக்கிறது என்பதையே குழந்தை பார்க்கிறது. கற்பிக்கிறோம் என்பதை நாமே அறியாத வேளைகளில்தான் அது மிகுதியாகக் கற்கிறது. ஆகவே ஒரு பெயரைச் சொல்லுமுன், அதனுடன் எந்த உருவத்தை அந்த இளம் மனத்தில் வைக்கப்போகிறோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.