உச்சிக்கு எழுபது மீட்டர் கீழே



ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு கேள்வியை இன்னைக்கு உங்ககிட்ட வைக்கிறேன். மாதக்கணக்கில் தயாராகி, லீவு போட்டு, காசு செலவழித்து ஒரு பனிமலை ஏறப் போகிறோம். உச்சி கண்ணுக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் திரும்பி வருவது சரியா?

சிலர் கோழைத்தனம் என்பார்கள். சிலர் உயிர்தானே முக்கியம் என்பார்கள். இரண்டு பேருமே "நான்" என்ற ஒருத்தரை மட்டும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்னு எனக்குத் தோணுது.

உத்தரகண்டில் சாங்க்ரி கிராமத்திலிருந்து ஏறுகிற கேதார்காந்தா மலை சுமார் 12,500 அடி உயரம். குளிர்காலத்தில் புதுப்பனி கொட்டினால் பாதையே மறைந்துவிடும். முன்னால் போகிறவர் முழங்கால் வரை புதைந்து, காலை இழுத்து, அடுத்த அடி வைக்கணும். பின்னால் வருகிறவர்கள் அந்தக் குழியிலேயே கால் வைத்து நடப்பார்கள். கொஞ்ச நேரத்தில் முன்னவர் களைத்துவிடுவார், அடுத்தவர் முன்னே வரணும். அதாவது, நான் வைக்கிற ஒவ்வொரு அடியிலும் இன்னொருத்தருடைய உழைப்பு இருக்கு.

எங்க குழு போனபோது வழிகாட்டி முந்தின நாள் ராத்திரியே கூடாரத்தில் சொல்லிட்டார்: "பத்து மணி ஆச்சுன்னா எங்கே இருந்தாலும் திரும்புறோம்." மறுநாள் பத்து மணிக்குக் கடைசிச் சரிவு எதிரே நின்றது. "இன்னும் அரை மணி நேரம்தான் பையா" என்று ஒரு நண்பர் கெஞ்சினார். வழிகாட்டி கோபப்படவில்லை. "வெயில் ஏறினா பனி இளகும். அங்கே நீங்க விழுந்தா தூக்க நான்தான் வரணும். எனக்கு வீட்டுல ரெண்டு குழந்தை இருக்கு" என்றார். யாரும் அதற்கு மேல் பேசவில்லை. இறங்கினோம்.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. மூச்சு வாங்குகிறது, உடம்பு களைத்திருக்கிறது, ஆசை மட்டும் குறையவே இல்லை. அந்த நேரத்தில் மனசு எல்லாத்துக்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்கும். எங்க மென்பொருள் வேலையிலும் இது உண்டு. புது வெர்ஷனை வெளியிடுவதற்கு முன்னாடியே, எது நடந்தால் ரோல்பேக் செய்வோம்னு எழுதி வைத்துக்கொள்வோம். நடு ராத்திரியில் எல்லாம் தடுமாறும்போது "இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம்"னு சொல்லத்தான் தோணும் என்பதால்தான் அந்த ஏற்பாடு.

2016 பிப்ரவரி 26 அன்று நான்கு பேர் 8,126 மீட்டர் உயரமுள்ள நங்க பர்பத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அதுவரை குளிர்காலத்தில் அதன் உச்சியை யாரும் தொட்டதில்லை. சிமோனே மோரோ, அலி சத்பாரா, அலெக்ஸ் சிகோன் மூவரும் தொட்டார்கள். நான்காமவர், இத்தாலியைச் சேர்ந்த டமாரா லுங்கர், உச்சிக்கு ஏறத்தாழ எழுபது மீட்டர் கீழே திரும்பிவிட்டார். அந்த எழுபது மீட்டரையும் ஏறியிருந்தால் அந்த முதல் ஏற்றத்தில் அவர் பெயரும் இருந்திருக்கும். ஆனால் மேலே போனால் இறங்கி வர உடம்பில் தெம்பு இருக்காதுன்னு அவருக்குத் தெரிந்தது.

"எல்லாரும் இப்படித் திரும்பினா யாருமே எந்த மலையும் ஏறியிருக்க முடியாதே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அன்று ஏறிய மூவர் செய்ததும் தப்பு இல்லை. இறங்குவதற்கான தெம்பு அவர்களிடம் மிச்சம் இருந்தது, இவரிடம் இல்லை. தைரியம் நாலு பேருக்கும் இருந்தது. என் தெம்பு எங்கே முடிகிறதோ அதற்கு அப்புறம் நான் செலவழிப்பது அடுத்தவருடைய தெம்பை, சில சமயம் அவருடைய உயிரை. அதை அவரைக் கேட்காமல் எடுக்க எனக்கு உரிமை கிடையாது. என் பதில் இவ்வளவுதான்.

இதில் கஷ்டமான பகுதி ஊருக்கு வந்த பிறகுதான் வரும். பார்க்கிறவர்கள் எல்லாம் "உச்சிக்குப் போனீங்களா?"னு கேட்பாங்க. "கிட்டத்தட்ட போயிட்டோம்"னு சொல்ல நாக்கு துடிக்கும். "இல்லை, போகலை. எல்லாரும் நல்லபடியா வந்துட்டோம்" என்று சொல்லிப் பழகணும்.

உங்க வாழ்க்கையில் இப்படிப் பாதியில் திரும்பிய இடம் ஏதாவது இருந்தால் எழுதுங்க. படிக்கக் காத்திருக்கிறேன்.