லோகிதாசனைக் கடித்த கொசு

செத்துக் கிடந்த லோகிதாசன் திடீரென்று கையைத் தூக்கித் தன் கன்னத்திலேயே பளாரென்று அறைந்துகொண்டான். கொசு.

2016, பொந்தியானில் ஒரு கோயில் திருவிழாவின் மூன்றாம் இரவு. மேடையில் அரிச்சந்திரா நாடகத்தின் மயான காண்டம். பாம்பு கடித்து இறந்த மகனை மடியில் போட்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த சந்திரமதி, அழுகையை நிறுத்தாமலேயே, அவன் முழங்காலில் உட்கார்ந்திருந்த இன்னொரு கொசுவை அடித்தார். மண்டபமே குலுங்கியது. கடலோரச் சதுப்பும் அன்னாசித் தோட்டமும் சூழ்ந்த ஊர் இது. இருட்டிய பிறகு இங்கே பிணம்கூடச் சும்மா படுத்திருக்க முடியாது.

அதற்குப் பிறகு எல்லாம் சரிந்தது. இசையைக் கவனித்துக்கொண்ட பையன் பதற்றத்தில் வேறு பாட்டைத் தட்டிவிட, சுடுகாட்டில் குத்துப்பாட்டு ஒலித்தது. அதை நிறுத்த ஓடியவன் வயரில் கால் இடறி, பலகையில் வரைந்து நிறுத்தியிருந்த ஆலமரத்தைச் சாய்த்தான். மரத்துக்குப் பின்னால் தன் முறைக்காகக் காத்திருந்த விசுவாமித்திரர் கையில் மைலோ பாக்கெட்டோடு வெளிப்பட்டார். யாரோ அவசரமாகத் திரையை இழுத்தார்கள். அது பாதி வந்து சிக்கிக்கொண்டது. அரிச்சந்திரனாக நின்ற லோரி மாமாவின் உடம்பில் பாதி திரைக்கு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கைப்பேசியில் பதிவும் செய்தேன். அன்றிரவே அதை 38 விநாடிக்கு வெட்டி நண்பர்களின் புலனக் குழுவில் போட்டேன். மறுநாள் மதியம் அது ஜொகூர் பாருவிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. அனுப்பியவருக்கு அது என் கைவேலை என்று தெரியாது. நானும் சொல்லவில்லை.

மேடையில் தடுமாறுகிற ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது தவறா? இந்தக் கேள்வி அன்று எனக்குத் தோன்றவில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வீட்டில் அடைந்து கிடந்தபோது, பிபிசியின் ‘தி கோஸ் ராங் ஷோ’ தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. ஓர் அமெச்சூர் நாடகக் குழு வாரம் ஒரு நாடகம் போடும். ஒவ்வொன்றும் நாசமாகப் போகும். அதை உருவாக்கியவர்கள் லண்டனின் ‘மிஸ்சீஃப்’ குழுவினர். 2012இல் ‘ஓல்ட் ரெட் லயன்’ என்கிற, மதுக்கடையோடு சேர்ந்த சின்ன அரங்கில் அவர்கள் தொடங்கி வைத்ததுதான் ‘தி ப்ளே தட் கோஸ் ராங்’ நாடகம். கல்லூரி நாடகக் குழு ஒன்று கொலை மர்மக் கதையைப் போட முயல்கிறது. கதவு திறக்காது. பிணமாகக் கிடப்பவரின் கையை மிதித்துவிடுவார்கள், பிணம் கத்தும். மாடி சரியும். கடைசியில் செட்டே விழும். இந்த நாடகம் 2015இல் சிறந்த புதிய நகைச்சுவைக்கான ஒலிவியர் விருதையும், பிராட்வேக்குப் போனபின் 2017இல் மேடை வடிவமைப்புக்கான டோனி விருதையும் வாங்கியது.

விழுவதற்கென்றே கட்டிய செட்டுக்கு வடிவமைப்பு விருது! இதைப் பொறியாளனாகத்தான் என்னால் ரசிக்க முடிகிறது. ஒரு தொழிற்சாலையில் உடைந்துபோன பாகங்களை எடுத்துவைத்து, ஏன் உடைந்தன என்று ஆராய்வது இப்போது என் வேலை. ஒரு சுவரை நிற்கும்படி கட்டுவது அவ்வளவு கடினமில்லை, கூடுதல் பலம் கொடுத்தால் போதும். வாரத்துக்கு 8 காட்சிகள், ஒவ்வொன்றிலும் அதே நொடியில் அதே கோணத்தில் யார் தலையிலும் படாமல் விழும்படி கட்டுவதுதான் கடினம். 1928இல் வந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாகப் பஸ்டர் கீட்டன்மேல் சாயும். மாடிச் சன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து விழ, அவர் ஒன்றும் ஆகாமல் நிற்பார். அது நிஜச் சுவர். அவரைச் சுற்றி இருந்தது சில அங்குல இடைவெளி மட்டும்தான்.

இவர்கள் தவறுவதில் தவறே செய்யாதவர்கள். அதனால் நாம் கவலையில்லாமல் சிரிக்கலாம். எங்கள் ஆலமரம் விழுந்ததற்கு ஒத்திகை கிடையாது. லோரி மாமா பாசிர் கூடாங்குக்கு லோடு அடித்துவிட்டு வந்து, மூன்று மாதம் இரவுகளில் வசனம் மனப்பாடம் செய்தவர். அவரைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பும் கீட்டனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பும் ஒன்றுதானா?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையைத்தான் முதலில் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறது. அன்றைய இரவை இதில் பொருத்திப் பார்த்தேன். கொசு அடித்த பையனிடம் இளமை இருந்தது. தவறான பாட்டைத் தட்டியவனிடம் பேதைமை. மைலோ குடித்த முனிவரிடம் மடன். மூன்றும் மேடையில் இருந்தன. எள்ளல் மட்டும் கீழே, எங்களிடம் இருந்தது. முதல் மூன்றும் ஒருவரிடம் தாமாக இருப்பவை அல்லது நேர்பவை. எள்ளல் நாம் செய்வது. செய்வதற்குத்தானே பொறுப்பு உண்டு.

ஆனால் உரையாசிரியர் பேராசிரியர் இங்கே ஒரு நுட்பம் வைக்கிறார். எள்ளல் இரண்டு வகை: பிறரைத் தான் எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானே சிரிப்பது இன்னொன்று. முதல் முறை படித்தபோது இரண்டாவது வகை எனக்குப் பிடிபடவில்லை. பிறகு அந்த லோகிதாசனை நினைத்துக்கொண்டேன். அப்போது அவனுக்கு 9 வயது. இப்போது போலிடெக்னிக் போகிற வயது. கல்யாண விருந்துகளில் அந்தக் கதையை அவனேதான் சொல்கிறான், அறைகிற சத்தத்தோடு. “நான் செத்தவன்னு கொசுக்குத் தெரியலலா” என்பான். எல்லோரையும்விட அவன்தான் அதிகம் சிரிக்கிறான். எள்ளல் அவனுக்குள் போய் அவனுடையதாகிவிட்டது.

லோரி மாமாவுக்கு அப்படி ஆகவில்லை. அவருக்குக் ‘கொசு மாமா’ என்று பெயர் விழுந்தது. லோரி நிறுத்துகிற இடத்தில் அவர் வந்தால் யாராவது ஒருவன் கொசு மாதிரி ரீங்காரம் போடுவானாம். அடுத்த வருடத் திருவிழாவில் அவர் நடிக்கவில்லை. அதற்கடுத்த வருடம் நாடகமே இல்லை. பாட்டுக் கச்சேரி வைத்தார்கள்.

பிரெஞ்சுத் தத்துவவாதி ஆன்றி பெர்க்சன், 1900இல் வெளிவந்த ‘சிரிப்பு’ என்ற நூலில், சிரிப்பு வர வேண்டுமானால் இதயம் சற்று நேரம் மரத்துப்போக வேண்டும் என்கிறார். சரிதான். அந்த நொடியில் மாமாவின் மூன்று மாத உழைப்பை நினைத்திருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்காது. பெர்க்சனின் கருத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் ‘சற்று நேரம்’. மண்டபத்தில் சிரித்த எல்லோருக்கும் மரப்பு தெளிந்துவிட்டது. அரை மணி நேரத்தில் அன்னதான வரிசையில் அவரோடு நின்றார்கள், “மாமா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார்கள். காணொளியைப் பார்த்தவனுக்குத் தெளியவேண்டிய தேவையே இல்லை. அவரோடு அவன் ஒரே வரிசையில் நிற்கப்போவதில்லை.

சரி, அப்படியானால் சிரிக்காமல் இருந்திருக்க வேண்டுமா? அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. நம்மிடையே இன்னொரு பழக்கம் இருக்கிறது. நம் நாட்டு நாடகமோ குறும்படமோ கவிதைத் தொகுப்போ எதுவாக இருந்தாலும், “நம்மாளு, ஆதரவு கொடுக்கணும்” என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கைதட்டுவது. மேடையில் மரம் விழுந்தாலும் விழாத மாதிரி உட்கார்ந்திருப்பது. இந்தக் கைதட்டலில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. சிரித்தவன் குறைந்தபட்சம் மேடையைப் பார்த்துக்கொண்டாவது இருந்தான். பிணம் கொசு அடித்தால் சிரிப்பு வரத்தான் வேண்டும். வராதவனுக்கு அதைப் பிணமென்று நம்பவைக்க அவர்கள் பட்ட பாடும் உறைத்திருக்காது.

விழுகிறவர் யார் என்பதும் இதில் உண்டு. ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ கடைசிப் பகுதியில் ஒரு நெசவாளி, ஒரு தச்சர், ஒரு தையற்காரர் என்று சில தொழிலாளிகள் சேர்ந்து கோமகனின் திருமணத்துக்கு நாடகம் போடுவார்கள். படுமோசமாக இருக்கும். பிரபுக்கள் நடுநடுவே கிண்டல் அடிப்பார்கள். ஆனால் நெசவாளியான பாட்டம், நடிப்பின் நடுவிலேயே கோமகன் பக்கம் திரும்பி, ‘அப்படி இல்லை ஐயா’ என்று விளக்கம் சொல்வான். அவனுக்குத் திருப்பிப் பேச ஒரு மேடை இருந்தது.

1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரையும் நினைத்துப் பார்க்கலாம். நடிப்பவரைக் ‘கூத்தாடி’ என்று இழிவாகப் பேசிய காலம். பெல்லாரியிலிருந்து வந்த ஒரு குழுவில், படித்து வேலையில் இருப்பவர்களே நடித்ததைப் பார்த்துத்தான் அவருக்குத் துணிச்சல் வந்தது. வக்கீலாக இருந்து பின்னாளில் நீதிபதியும் ஆனவர். மேடை அனுபவங்களை ‘நாடக மேடை நினைவுகள்’ என்று ஆறு பாகங்களாக அவரே எழுதினார். மேடையில் ஒரு நீதிபதி தடுக்கி விழுந்தால், மறுநாள் நீதிமன்றத்தில் அவர் நீதிபதிதான். லோரி மாமா மறுநாளும் கொசு மாமாதான். அவருடைய மேடை நினைவுகளை எழுதியவன் நான். 38 விநாடியில்.

போன தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். லோரி ஓட்டுவதை நிறுத்திவிட்டார், சர்க்கரை. கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, கடைசியில் சொன்னேன்.

“மாமா, அந்த வீடியோ எடுத்தது நான்தான்.”

முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார். “தெரியும்டா.”

“எப்படி?”

“ஒன் சிரிப்புச் சத்தம்தான் அதுல கேக்குதே.”

எட்டு வருடமாகத் தெரிந்திருக்கிறது. இத்தனை தீபாவளிக்கும் நான் போய் முறுக்கு தின்றுவிட்டு வந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். கையை ஆட்டி வேண்டாமென்றார்.

“சிரிச்சதுக்கெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கே சிரிப்பு வந்துச்சி, பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னேன். ஆனா அதுக்கப்புறம் நான் முடிச்சேன்ல? அத ஏன்டா வெட்டுன?”

எனக்கு ஞாபகமே இல்லை.

அன்றிரவு பழைய கைப்பேசியைத் தேடி எடுத்துச் சார்ஜ் போட்டேன். மூலப் பதிவு இருந்தது. 11 நிமிடம். கொசு, குத்துப்பாட்டு, மரம், மைலோ, திரை எல்லாம் முதல் 3 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. பிறகு மாமா சிக்கிய திரையைக் கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் வருகிறார். ஒலிவாங்கி வேலை செய்யவில்லை போலிருக்கிறது, அதைக் கீழே வைக்கிறார். எதிரில் நிற்பவள் தன் மனைவி என்று தெரியாத வெட்டியான், பிள்ளையை எரிக்கக் கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிற இடம். வெறும் குரலில் கேட்கிறார். முதலில் இன்னும் சிலர் சிரிக்கிறார்கள், என் குரலும் உண்டு. அப்புறம் ஒவ்வொருவராக அடங்குகிறார்கள். ஏழாவது நிமிடத்தில் மண்டபத்தில் ஒரு கைக்குழந்தையின் அழுகை மட்டும் கேட்கிறது. படம் கொஞ்சம் ஆடி என் பாட்டியின் பக்கம் திரும்புகிறது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். என்ன வந்தாலும் சொன்ன சொல்லிலிருந்து விலகாதவனின் கதையை, எல்லாம் விழுந்த பிறகும் விலகாமல் ஒருவர் நடித்து முடித்திருக்கிறார். நான் அங்கே இருந்திருக்கிறேன். பதிவும் செய்திருக்கிறேன்.

லண்டன் குழுவின் நாடகத்தில் செட் முழுதும் விழுந்த பிறகும் அவர்கள் கதையை முடித்துவிட்டுத்தான் போவார்கள். பாட்டமும் அவன் கூட்டாளிகளும் தங்கள் நாடகத்தை முடிக்கிறார்கள். நாசமாகப் போகிற நாடகத்தைப் பற்றிய எந்த நல்ல நகைச்சுவையும் பாதியில் நிற்பதில்லை. சரிந்த பிறகும் ஒருவர் அடுத்த வசனத்தைச் சொல்ல முயல்வதில்தான் அதன் சிரிப்பே இருக்கிறது. அவர் விட்டுவிட்டுப் போய்விட்டால் அது வெறும் விபத்து. நான் சிரித்ததில் தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சிரித்தவன் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்திருந்தேன், ஆனால் உட்காராதவர்களுக்கு 38 விநாடியை மட்டும் வெட்டிக் கொடுத்தேன். உடைந்த பாகத்தை ஆராய்கிறவன் அது எத்தனை நாள் தாங்கியது என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டும். என் முதல் அறிக்கையில் அது இல்லை.

முழுப் பதிவையும் அதே புலனக் குழுவில் போட்டேன். 11 நிமிடக் காணொளியை யார் பார்ப்பார்கள்? இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவன் “இன்னும் இதை வெச்சிருக்கியா” என்று கேட்டான். மாமாவுக்கும் அனுப்பினேன். மறுநாள் காலையில் குரல்பதிவு வந்தது.

“பாத்தேன்டா. வாய்க்கரிசி கேக்குற எடத்துல ஒரு வரி விட்டுட்டேன், இப்பதான் தெரியுது.” கொஞ்சம் இருமல். “கொசு அடிக்கிற சீனுதான்டா நல்லா வந்திருக்கு.”

சிரிக்கிறார். குரல்பதிவு முடிகிறவரை சிரித்துக்கொண்டேயிருக்கிறார்.