நாற்று நட்ட குடும்பம்

நம் தாங்கலில் பணிவிடை முடிந்து தர்மம் வாங்கும்போது, இந்தச் சோறு எந்த வயலில் விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை. அரிசி மூட்டை இறக்கி வைக்கிற வேலை பல வருஷமாக அடியேனுடையது. பெரும்பாலும் தஞ்சாவூர்ப் பக்கத்து மூட்டைதான் வரும். அந்த நெல்லை நட்ட குடும்பத்தின் கதையை இன்று சொல்லப் போகிறேன். எந்த ஒரு வீட்டையும் பெயர் சொல்லிக் காட்டவில்லை. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, கீழ்வேளூர்ப் பக்கம் எத்தனையோ வீட்டில் இதுதான் நடந்தது.

அய்யா வைகுண்டமாய் வந்தது கொல்லம் 1008 மாசி 20, இங்கிலீஷ் கணக்குக்கு 1833. அடுத்த மூன்று வருஷத்தில், 1836-ல், ஆர்தர் காட்டன் என்ற துரை முக்கொம்பில் மேலணை கட்டினார். கொள்ளிடத்தில் ஓடிப் போன தண்ணீர் காவேரிப் பக்கம் திரும்பியது. கழனி செழித்தது. 1843-ல் அடிமை முறை செல்லாது என்று கும்பெனியார் சட்டமும் போட்டார்கள். ஆனால் நம் கதையில் வருகிற பாட்டனின் முன்னோர் அன்றைக்கும் பண்ணையாட்கள்தான், சட்டம் வந்த பிறகும் பண்ணையாட்கள்தான். எப்படி என்கிறீர்களா? கலியாணக் கடன்.

வீட்டில் பையனுக்குக் கலியாணம் என்றால் மிராசுதாரிடம் கொஞ்சம் நெல்லும் பணமும் வாங்குவார்கள். கணக்கு எழுதுவது மிராசுதார் ஆள். கைநாட்டு வைக்கிறவனுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. உழைத்து அடைக்கலாம் என்றால் கூலி வயிற்றுக்கே காணாது. தகப்பன் செத்தால் கடன் மகன் தலையில் இறங்கும். பத்து மாடு பூட்டினாலும் அசையாத தேர் மாதிரி அந்தக் கடன் அங்கேயே நிற்கும். பிள்ளை பிறக்கும்போதே எந்தப் பண்ணைக்கு என்று எழுதியாயிற்று. குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையது. வேறே போகிறேன் என்றால் தலைக்கு மேல் கூரை கிடையாது.

வேலைக்குப் பிந்தினால் சவுக்கடி. அதற்கு மேல் சாணிப்பால், அதாவது சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது. இதை எழுதும்போதே அடியேனுக்குக் கை கூசுகிறது. ஆனால் குடித்தவன் ஒருவன் இருந்தான் அல்லவா? மிராசுதார் எதிரே வந்தால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். தென் திருவிதாங்கூரில் நம் முன்னோரும் கூலியில்லா ஊழியம் செய்து, தலைவரி கட்டி, இடுப்புத் துணியோடு நின்றவர்கள்தான். இடுப்பில் கட்டச் சொன்ன துணியை அய்யா தலையில் கட்டச் சொன்னார். நாம் இன்று பதிக்குள் தலைப்பாகையோடு நிற்பது அதனால்தான். தஞ்சாவூர்ப் பாட்டனுக்கு அப்படிச் சொல்ல நூறு வருஷம் வரை ஆள் வரவில்லை.

மகன் காலத்தில், 1940-களில், கன்னட நாட்டில் பிறந்த பி. சீனிவாசராவ் கீழத் தஞ்சைக்கு வந்து சங்கம் வைத்தார். அவர் கட்சி வேறு, நம் வழி வேறு. இருந்தாலும் சேரிக் குடிசையில் படுத்து, அவர்கள் கஞ்சியைக் குடித்து, நிமிர்ந்து நில் என்று சொன்ன மனுஷனை நாம் வணங்கத்தான் வேண்டும். சவுக்கும் சாணிப்பாலும் போயின. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்தபோது ஆளை விரட்டக் கூடாது, இன்ன கூலி கொடுக்க வேண்டும் என்றது. பல மிராசுதார்கள் பண்ணையாளை அன்றாடக் கூலியாக்கி, சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

பேரன் காலத்தில் கேட்டது அரைப்படி நெல். கூலியில் அரைப்படி கூடுதல், அவ்வளவுதான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். ஓடத் தெம்புள்ளவன் ஓடினான், ஓட முடியாதவர்கள் உள்ளே புகுந்தார்கள். இதற்கு மேல் அடியேனால் சொல்ல முடியவில்லை.

மறு வருஷம் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-ல் குடியிருப்பு மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்ற சட்டமும் வந்தது. வெண்மணிச் செய்தி கேட்டு அந்தப் பக்கம் போனவர்களில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் உண்டு. காந்தி வழியில் நடந்தவர்கள். 1981-ல் ‘லாஃப்டி’ என்று உழுபவர்க்கு நிலம் தேடித் தரும் இயக்கம் தொடங்கினார்கள். நிலக்காரரிடம் பேசி, விலைக்கு வாங்கி, வங்கிக் கடனும் பெற்று, ஒரு வீட்டுக்கு ஒரு ஏக்கர் என்று கொடுத்தார்கள். பத்திரம் பெண் பெயரில். பாட்டன் கைநாட்டு வைத்த காகிதம் அவனைக் கட்டிப் போட்டது. பேத்திக்கு வந்த காகிதத்தில் நிலம் இருந்தது.

ஒரு ஏக்கரில் ஒரு குடும்பம் செழித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறக்காத வருஷம் குறுவை போகும். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருவதற்குள் நாற்று முற்றிவிடும். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். போகட்டும். போகலாம் என்பதே அவர்கள் பாட்டனுக்கு இல்லாதது.

இனி ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். போன வருஷம் ஓர் அன்பர் தர்மத்துக்கு இரண்டு மூட்டை அரிசி கொண்டு வந்தார். அதே வாரம் அவர் வயலில் களை எடுத்த பெண்கள் கூலிக்காக வாசலில் நின்றது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். மூட்டையை இறக்கி வைத்து, நாமம் தொட்டுக் கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினேன். பதினெட்டுச் சாதியும் ஒரே பந்தியில் உண்ணட்டும் என்று அய்யா வைத்த தர்மத்தில் அந்தச் சோற்றைத்தான் அன்று பரிமாறினேன். அந்தப் பெண்களில் இரண்டு பேர் பந்தியில் இருந்தார்கள்.

வருகிற மாசி 20-க்கு மூட்டைகள் வரும். இறக்குகிற இடத்தில் அடியேன்தான் நிற்பேன். அறுத்தவர்களுக்கு அளந்தாயிற்றா என்று கேட்ட பிறகுதான் தோள் கொடுப்பேன்.

அய்யா உண்டு.