அறியாமைக்குப் பொறுப்பு உண்டா?

நம் பங்கில் கல்விக் கட்டண உதவி நிதி ஒன்று பல்லாண்டுகளாக நடைபெற்று வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்குமுன் பெற்றோர் விண்ணப்பம் எழுதித் தருவர். வீட்டின் வருமானம், தீராத நோய், அடைபடாத கடன், குடும்பத் தலைவரின் குடிப்பழக்கம், பிரிந்து போன கணவர் என்று, பக்கத்து வீட்டாரிடமும் சொல்லக் கூசுகின்ற செய்திகளெல்லாம் அத்தாள்களில் இருக்கும். அவற்றை நம் அறையிலுள்ள இரும்பு அலமாரியில் பூட்டி வைப்பது வழக்கம். சாவி ஒன்றுதான், அது நம் மேசை இழுப்பறையில் கிடக்கும்.

2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் பங்கு இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஃபாதர், இதை இணையச் செயலியாக மாத்தித் தர்றேன். ரெண்டு ராத்திரி போதும்" என்றார். அவர் வணிகவியல் பட்டதாரி. ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுபவர். நிரல் எழுதக் கற்றவர் அல்லர். செயற்கை நுண்ணறிவுத் துணைக்கருவி ஒன்றிடம் தமிழிலும் அரைகுறை ஆங்கிலத்திலுமாக வேண்டியதைச் சொல்லச் சொல்ல, அது எழுதித் தந்தது. சொன்னபடியே இரண்டு இரவுகளில் வேலை முடிந்தது. பெற்றோர் தம் கைபேசியிலிருந்தே விண்ணப்பிக்கலாம். வந்தவற்றையெல்லாம் நாம் ஒரே பக்கத்தில் பார்க்கலாம். ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவிப்பு வாசித்து, அவ்விளைஞருக்குக் கைதட்டலும் வாங்கித் தந்தோம்.

மூன்று வாரங்கள் கழிந்தன. விண்ணப்பித்திருந்த குடும்பம் ஒன்றின் மகள், கல்லூரி மாணவி, நம்மைத் தனியே பார்க்க வேண்டுமென்றார். தம் விண்ணப்பப் பக்கத்தின் இணைய முகவரியில் கடைசியாக 17 என்ற எண் இருந்ததாம். விளையாட்டாக அதை 18 என்று மாற்றியிருக்கிறார். அடுத்த தெருவிலுள்ள ஒரு தாயின் விண்ணப்பம் எழுத்துக்கு எழுத்து திரையில் விரிந்திருக்கிறது. அப்பெண் அழாத குறையாக நின்றார். இளைஞரை அழைத்துக் கேட்டோம். அவர் முகம் வெளுத்தது. "அந்தப் பகுதியை நான் எழுதலை, ஃபாதர். அதுதான் எழுதுச்சு" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதனாலேயே அச்சொல் நம்மை விட்டு நீங்கவில்லை. தான் எழுதாத ஒன்றுக்கு ஒருவர் பொறுப்பாவாரா? யாரும் அறியாமல் நேர்ந்த தீங்கு யாருடைய தீங்கு?

நடந்தது என்னவென்று முதலில் விளங்கிக்கொள்வோம். இத்தகைய செயலியை ஒரு கடைக்கு ஒப்பிடலாம். கைபேசியில் நாம் காணும் திரை, கடையின் முகப்பு. தொலைவில் எங்கோ இயங்கும் சர்வர், கேட்டதை எடுத்து வருகின்ற ஆள் நிற்கும் பின்கட்டு. தகவல்களைத் தாங்கும் தரவுத்தளம், சரக்கு அடுக்கிய கிடங்கு. மூன்றையும் ஒருவரே கட்டி எழுப்புவதை 'ஃபுல் ஸ்டாக்' என்கின்றனர். முன்னெல்லாம் இதற்கு ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், எஸ்க்யூஎல் எனப் பலவற்றைக் கற்று, ஆண்டுக்கணக்கில் பழக வேண்டியிருந்தது. நம் இளைஞரின் செயலியில் முகப்பு ஒழுங்காகவே இருந்தது. அவரவர்க்கு அவரவர் விண்ணப்பம் மட்டுமே காட்டப்பட்டது. ஆனால் பின்கட்டில் நின்ற ஆள், 'கேட்பவர் யார், இது அவருடையதுதானா' என்று விசாரிக்கவே இல்லை. எந்த எண்ணைச் சொன்னாலும் அதற்குரிய தாளை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இது நம் ஊரில் மட்டும் நேர்ந்த விந்தையன்று. சொல்வதைக் கேட்டுச் செயலி கட்டித் தரும் லவபிள் என்னும் சேவையைக் கொண்டு உருவான 1,645 செயலிகளை 2025-ஆம் ஆண்டில் ஆய்ந்து பார்த்தபோது, 170 செயலிகளில் இதற்கு ஒப்பான குறை காணப்பட்டது. அங்கே முகப்பே கிடங்கோடு நேரடியாகப் பேசும் அமைப்பு. எந்தத் தகவலை யார் பார்க்கலாம் என்னும் விதியைத் தரவுத்தளத்திலேயே எழுதி வைத்தாக வேண்டும். அவ்விதி எழுதப்படாமலோ பிழையாகவோ இருந்தது. ஆயினும் செயலிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கூரை ஒழுகினால் வீட்டிலிருப்பவர்க்குத் தெரியும். பூட்டாத கதவோ, யாரேனும் தள்ளிப் பார்க்கும்வரை பூட்டிய கதவைப் போலவே நிற்கும்.

கருவியைப் பழித்துவிட்டுப் போவது எளிது. அதன் நன்மையை மறைப்பது நேர்மையாகாது. 2021-இல் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வெளிவந்தபோது, நிரலாளர் எழுதத் தொடங்கியதை முடித்துக் கொடுப்பதே அதன் வேலையாக இருந்தது. இன்றைய கருவிகள் கோப்புகளைத் தாமே திறந்து படிக்கின்றன; எழுதியதை இயக்கிப் பார்க்கின்றன; பிழை வந்தால் திருத்தி மீண்டும் இயக்குகின்றன. ஆங்கிலம் தடுக்கிய, பொறியியல் கல்லூரியின் வாசலை மிதிக்காத ஓர் இளைஞர், தம் ஊருக்குத் தேவையானதைத் தாமே உருவாக்க முடிகிறதென்றால் அது சிறிய செய்தியன்று. இதுவரை அந்தக் கதவு எத்தனை பேருக்கு மூடிக் கிடந்தது என்பதை ஊர்ப்புறங்களில் பணியாற்றியவர் அறிவர்.

எனினும் அக்கருவி, மனிதர் எழுதிக் குவித்த எழுத்திலும் நிரலிலும் பயின்று, கேட்டதற்குப் பொருந்துவது எதுவென்று கணித்துத் தருவது. கேட்காததையும் சில வேளைகளில் செய்யும். பல வேளைகளில் விட்டுவிடும். 'விண்ணப்பத்தைக் காட்டு' என்றார் இளைஞர், காட்டியது. 'மற்றவர் பார்க்கலாகாது' என்று அவர் சொல்லவில்லை. நம் இரும்பு அலமாரியைச் செய்த பட்டறைக்காரரிடம் பூட்டு வேண்டுமென்று நாமுந்தான் சொல்லவில்லை. அவர் கேளாமலே வைத்தார். அவருக்கும் வீடு இருந்தது. அவர் வீட்டிலும் பிறர் காணக்கூடாதவை இருந்தன.

2025 பிப்ரவரியில் ஆந்த்ரே கர்பாத்தி என்னும் கணினி அறிஞர், நிரல் என்று ஒன்று இருப்பதையே மறந்து கருவி தருவதையெல்லாம் ஏற்றுக்கொண்டு போகும் முறைக்கு 'வைப் கோடிங்' எனப் பெயரிட்டார். காலின்ஸ் அகராதி அதனையே அவ்வாண்டின் சொல்லாகத் தேர்ந்தது. வார இறுதியில் செய்து பார்த்துத் தூக்கி எறிகின்ற சிறு முயற்சிகளுக்கு இது மோசமில்லை என்றுதான் அவர் எழுதியிருந்தார். சொல் பரவிய வேகத்தில் அந்த வரம்பு உடன் செல்லவில்லை.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில், அறியாமை பற்றிய பாடம் நமக்குச் சற்றே சலிப்பூட்டியதுண்டு. அறியாமையெல்லாம் ஒன்றன்று என்கிறார் புனித தாமஸ் அக்குவினாஸ். முயன்றும் நீக்க முடியாத அறியாமை ஒருவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும். அறிந்துகொள்ள வேண்டியதைக் கவனக்குறைவால் அறியாதிருப்பது விடுவிக்காது. இவையன்றி இன்னொன்றும் உண்டு: அறிந்தால் வசதி கெடும் என்று, அறியாதிருப்பதையே விரும்பித் தேர்ந்துகொள்வது. 'தெரியாது' என்ற ஒரே சொல் மூன்றுக்கும் போர்வையாகிறது.

இளைஞரின் அறியாமை இவற்றுள் எது? நிரலைப் படித்தாலும் அவருக்கு விளங்கியிராது. ஆதலின் முதல்வகை எனத் தோன்றலாம். ஆனால் 'ஒருவர் விண்ணப்பத்தை மற்றொருவர் திறக்க முடியுமா' என்று அக்கருவியிடமே கேட்டிருக்கலாம்; தாமே இரு பெயர்களில் நுழைந்து சோதித்திருக்கலாம். அதற்கு நிரலறிவு வேண்டியதில்லை. கல்லூரி மாணவி ஒற்றை விரலால் செய்து காட்டிய சோதனைதான் அது. நம் அறியாமையோ இன்னும் கீழானது. பெற்றோரின் இரகசியங்கள் அலமாரியை விட்டு வெளியேறி எங்கே போய்ச் சேர்கின்றன என்று கேட்க வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை நமக்கு எழுந்தது. கேட்டால் வேலை தாமதப்படும், ஆர்வத்தோடு செய்யும் பிள்ளை மனம் நோகும் என்று விட்டுவிட்டோம். இக்கட்டுரையில் 'நாம்' என்று எழுதுவது இதழ் மரபு. இவ்விடத்தில் மட்டும் அதனை ஒருமையாகக் கொள்க.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நம் காலத்தில் யார்தான் யாவற்றையும் அறிந்து செய்கிறார்? தேர்ந்த நிரலாளரும் பிறர் எழுதிய நிரல்தொகுப்புகளைப் படிக்காமலே பயன்படுத்துகின்றனர். மருந்தின் வேதியியல் தெரியாமல் விழுங்குகிறோம். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் மருந்தை ஆய்ந்து செய்தவரும், சீட்டு எழுதியவரும், விற்றவரும் இருக்கின்றனர். நாம் அறியாததை அவ்விடத்தில் ஒருவர் அறிந்திருக்கிறார். தேடிப் போனால் அவர் கதவைத் தட்டலாம். டென்மார்க் நாட்டுக் கணினி அறிஞர் பீட்டர் நவர் 1985-இல் எழுதிய ஒரு கட்டுரையில், நிரல் என்பது எழுதப்பட்ட வரிகளன்று, அதைக் கட்டியவர் உள்ளத்தில் உருவாகும் புரிதலே என்று வாதிட்டார். வரிகள் எஞ்சியிருந்தும் அப்புரிதல் உடையவர்கள் கலைந்து போனால் நிரல் இறந்ததற்குச் சமம் என்பது அவர் கருத்து. நம் செயலியை எண்ணிப் பாருங்கள். வரிகள் இருந்தன. புரிதல் எந்த உள்ளத்திலும் ஒருநாளும் இருந்ததில்லை. பிறக்கும்போதே பெற்றோரற்ற பிள்ளை அது.

கருவியையே பொறுப்பாளி எனலாகாதா? 2025 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின், ரெப்லிட் என்னும் தளத்தின் நிரல் முகவரைக் கொண்டு ஒரு செயலியைக் கட்டிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று கட்டளை இட்டிருந்த வேளையில், அம்முகவர் 1,200-க்கும் மேற்பட்ட நிறுவன அலுவலர்களின் விவரங்கள் அடங்கிய தரவுத்தளத்தை அழித்துவிட்டது. கேட்டபோது, தான் பதற்றமடைந்துவிட்டதாகவும் பெரும் பிழை செய்துவிட்டதாகவும் எழுதியது. மீட்க இயலாது என்றும் சொன்னது. பிறகு மீட்க முடிந்தது. இதைப் படித்த அன்று, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டுப் பழகிய நம் காது சற்றுத் துணுக்குற்றது. அறிக்கையின் சொற்கள் யாவும் அதில் இருந்தன. நாணுவதற்கு முகமில்லை, மறுநாள் எழுந்து ஈடுசெய்யக் கையில்லை. மன்னிப்புக் கேட்டு, சோதனைக்குரிய தரவுத்தளத்தையும் பயன்பாட்டிலுள்ள தரவுத்தளத்தையும் வெவ்வேறாகப் பிரித்து வைக்கும் ஏற்பாட்டை அறிவித்தவர் அந்நிறுவனத்தின் தலைவராகிய மனிதரே. 2025 ஜனவரியில் திருப்பீடம் வெளியிட்ட 'ஆன்டிகுவா எட் நோவா' என்னும் குறிப்பும், இயந்திரம் மனிதர் ஆகிய இருவருள் மனிதர் மட்டுமே அறச் செயலர் என்கிறது.

நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இப்படியே பார்க்கிறது. 2023-இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக எவ்வாறு பிறர் தகவலைக் கையாள்வது என்று முடிவு செய்பவரையே பொறுப்பாளியாக்குகிறது. ஆங்கிலத்தில் அவரைக் குறிக்க அச்சட்டம் ஆளும் சொல், பிறர் நம்பி ஒப்படைத்ததைக் காப்பவர் என்னும் பொருளுடையது. எழுதியவர் யார் என்று அது கேட்கவில்லை. வாங்கி வைத்தவர் யார் என்று கேட்கிறது. தம் வீட்டு மளிகைக் கணக்குக்கு இளைஞர் எத்தனை செயலி வேண்டுமானாலும் விளங்காமலே கட்டிக்கொள்ளட்டும். உடைந்தால் அவர் கணக்கே போகும். பிறர் துயரத்தை வாங்கி வைக்கும் இடத்தில் அந்த உரிமை அவருக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

செயலியை அன்று இரவே நிறுத்தினோம். பின்னர் மூன்று மாலைகள் இளைஞரும் நாமும் உட்கார்ந்து, அந்நிரலின் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று அக்கருவியையே கேட்டுப் படித்தோம். பொறுமையாகவே விளக்கியது. பூட்டில்லாத இடத்தைச் சுட்டிக் கேட்டதும், அதைச் சரிசெய்யும் வரிகளை உடனே எழுதியும் கொடுத்தது. முன்பே கேட்டிருந்தால் முன்பே கொடுத்திருக்கும். இளைஞர் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதன்பின் விண்ணப்பித்த வீடுகளுக்கெல்லாம் இருவருமாக நடந்தே போய், நடந்ததைச் சொன்னோம். பலர், "பரவாயில்லை சாமி, பிள்ளை நல்லது செய்யத்தானே நினைச்சான்" என்றனர். பதினெட்டாம் எண்ணுக்குரிய தாய் மட்டும் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நாம் எழுந்தபோது, "யார் யார் பார்த்தாங்க சாமி?" என்று கேட்டார். இளைஞர் நம்மைப் பார்த்தார். எப்பக்கத்தை யார் திறந்தார் என்று குறித்து வைக்கும் ஏற்பாடு அச்செயலியில் இருக்கவில்லை. அதையும் யாரும் கேட்டிருக்கவில்லை.