தடைக்குள் நின்று உதவுவது

2022 டிசம்பர் 24 அன்று ஆப்கானிஸ்தானின் தாலிபான் ஆட்சி, தொண்டு நிறுவனங்களில் ஆப்கன் பெண்கள் வேலைக்குப் போகக் கூடாது என்று ஆணையிட்டது. பல்கலைக்கழகங்களை அவர்களுக்கு மூடி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மறுநாளே கேர், சேவ் தி சில்ரன், நார்வே அகதிகள் மன்றம் ஆகியவை பணியை நிறுத்திவைத்தன. 2023 ஏப்ரலில் ஐ.நா. அலுவலகங்களுக்கும் இதே தடை வந்தது. பெண்களை ஒதுக்கும் ஆட்சியோடு ஒத்துப்போய் உதவியைத் தொடர்வது சரியா, விலகி நிற்பது சரியா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது.

ஆப்கானிஸ்தானுக்கு இது பழைய கேள்வி. முதல் தாலிபான் ஆட்சியில், காபூலில் உலக உணவுத் திட்டம் போர் விதவைகளைக் கொண்டு ரொட்டிக் கடைகளை நடத்திவந்தது. மாவு பிசைந்து, உருட்டித் தட்டி, தந்தூர் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுட்டு எடுப்பது வரை எல்லா வேலையும் பெண்களுடையது. சம்பாதிக்கும் ஆண் இல்லாத குடும்பங்களுக்கு அந்த ரொட்டி மலிவு விலையில் கிடைத்தது. 2000 ஆகஸ்ட்டில் ஆட்சி அக்கடைகளை மூடச் சொன்னது. மறுநாளே ஆணையைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு, பயனாளிகள் பட்டியலைச் சரிபார்க்க வீடுவீடாகச் செல்லப் பெண்களே வேண்டும் என்று உலக உணவுத் திட்டம் பிடிவாதமாக நின்றது. இல்லாவிட்டால் நகரத்தில் தான் நடத்தும் ரொட்டிக் கடைகளை மூடிவிடுவதாக எச்சரித்தது. கடைசி நேரத்தில்தான் இணக்கம் ஏற்பட்டது.

அந்தப் பிடிவாதத்தில் நியாயம் உண்டு. அந்நிய ஆண் வாசலில் வந்து நின்றால் அங்கே பல வீடுகளில் பெண்கள் பேச முன்வர முடியாது. பெண் ஊழியர் இல்லையென்றால் பட்டியலிலிருந்து முதலில் விடுபடுபவை விதவைகளின் குடும்பங்கள்தாம். ஆகவே பெண்களை வேலைக்கு வைப்பது கொள்கைப் பெருமைக்காக அல்ல. உதவி உரியவரிடம் போய்ச் சேர வேறு வழியில்லை. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. அன்று பணயம் வைக்கப்பட்டது நிறுவனத்தின் ரொட்டி அல்ல, பசித்தவர்களின் ரொட்டி. தன் தட்டில் உள்ளதை வைத்து ஒருவர் உறுதி காட்டலாம். அடுத்தவர் தட்டை வைத்துக் காட்டும் உறுதிக்கு அவர்களுடைய சம்மதம் தேவை.

இதைக் கொண்டு பார்த்தால், ‘தொடர்வதா, விலகுவதா’ என்பதைவிட ‘யாரைக் கேட்டு, எந்த நிபந்தனையில்’ என்பதே அடிப்படைக் கேள்வி. மருத்துவத்திலும் தொடக்கக் கல்வியிலும் உள்ளூர் அளவில் விலக்குப் பெற்று, பெண் ஊழியரோடே திரும்பிய நிறுவனங்கள் உண்டு. பயணத்துக்குத் துணை வரவேண்டிய ஆண் உறவினரான மஹ்ரமின் செலவை ஏற்றுக்கொண்டவையும் உண்டு. இரண்டாவது, விதிக்குப் பணிவதுதான். ஆனாலும் அந்தப் பெண்ணின் வேலையும் சம்பளமும் நிலைக்கின்றன. பெண் இருந்த இடத்தில் ஓர் ஆணை அமர்த்திவிட்டு வழக்கம்போல் நடப்பது அப்படியல்ல. தடையை நிறைவேற்றும் வேலையை ஆட்சிக்குப் பதிலாக நிறுவனமே செய்து முடிக்கிறது. ஏற்க முடியாத எல்லை அங்கேதான் தொடங்குகிறது.

வெளியுதவிக்குக் காத்திராமல் ஆப்கன் சமூகமும் தன் வழியைக் கண்டதுண்டு. 1990-களில் ஹேராத்தில் தையல் பள்ளி என்ற பெயரில் பெண்கள் கூடி இலக்கியம் படித்தார்கள். சக்கீனா யாகூபி நிறுவிய ஆப்கன் கல்வி நிறுவனம், பெண் குழந்தைகளுக்காக வீடுகளுக்குள் ரகசியப் பள்ளிகள் நடக்கத் துணைநின்றது. இன்றும் கம்பள நெசவும் தையலும், ஹேராத்தில் குங்குமப்பூவிலிருந்து சிவந்த இழைகளைப் பிரித்தெடுக்கும் வேலையும் பெண்களின் கையில் காசு தருகின்றன. வீட்டோடு செய்யும் தொழிலுக்கு உதவுவது, பெண் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்னும் ஆட்சியின் விருப்பத்துக்கு வாய்ப்பாகிவிடாதா என்ற ஐயம் பொய்யல்ல. எனினும் அந்த வருமானம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் அதை ஈட்டுபவர்.

தற்சார்பைப் புகழ்வதிலும் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. ‘அவர்களே சமாளித்துக்கொள்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டால் வெளியிலிருப்பவர் கையைக் கழுவிக்கொள்ளலாம். 2021-இல் ஆட்சி மாறியதும் ஆப்கன் மத்திய வங்கியின் சுமார் 700 கோடி டாலர் கையிருப்பை அமெரிக்கா முடக்கியது, பணப்புழக்கமே வற்றியது. அப்படிப்பட்ட சந்தையில் ஒரு தையல்காரி எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் துணி வாங்க ஆள் வேண்டுமே. கொடையாளர்களுக்குக் காட்டுவதற்காக ரகசிய வகுப்புகளைப் படமெடுப்பது இன்னும் மோசம். படம் வெளியானால் ஆபத்து ஆசிரியைக்கு, பாராட்டு வேறொருவருக்கு.

விலக்குகளை நம்பி நடக்கும் பணிக்குக் காலக்கெடுவும் இருக்கிறது. 2024 டிசம்பரில் செவிலியர், மருத்துவச்சிப் பயிற்சி வகுப்புகளிலிருந்தும் பெண்கள் தடுக்கப்பட்டார்கள். மருத்துவத்தில் வேலை செய்யப் பெண்களுக்கு விலக்கு நீடித்தாலும், பயிற்சி நின்றுபோனால் இன்றைய மருத்துவச்சிகள் ஓய்வுபெறும்போது அந்த விலக்கைப் பயன்படுத்த ஆளிருக்காது. நாட்டுக்குள் தொடரும் நிறுவனங்கள் இனி பேரம் பேச வேண்டியது வேலைக்கான அனுமதிக்காக மட்டுமல்ல, பயிற்சிக்கான அனுமதிக்காகவும்.