போன்சாய் மேசையும் நிலையாமைக் கோட்பாடும்

ஒன்றுகூடி உருவான எப்பொருளும் நிலைபெறாது என்னும் அநித்தியக் கோட்பாடு பௌத்தத்தின் அடிப்படைகளுள் ஒன்று. ஜப்பானில் ‘முஜோ’ என வழங்கும் இக்கருத்து அந்நாட்டின் கவிதையிலும் நாடகத்திலும் தோட்டக் கலையிலும் ஆழப் படிந்திருப்பதால், ஆழமற்ற தொட்டியில் மரத்தைக் குறுக வளர்க்கும் போன்சாய்க் கலையைப் பற்றிய சிந்தனையும் அதைத் தவிர்க்க இயலாது. மரத்தைக் கவாத்து செய்யவும் தொட்டி மாற்றவும் திறந்தவெளியில் பலமான பணிமேசை ஒன்றை அமைக்க முற்படுவோர்முன் இக்கோட்பாடு ஒரு வினாவை வைக்கிறது: அழிவு உறுதியென அறிந்த பின்னும் ஒன்றை உறுதியாகக் கட்டுவது அறிவின் செயலா, பற்றின் செயலா?

பௌத்த மெய்யியல் இரண்டு முனைகளை விலக்குகிறது. உள்ளது என்றும் உள்ளதாகவே இருக்கும் என்பது சாசுவத வாதம். எல்லாம் தொடர்பற்று அற்றுப்போகும் என்பது உச்சேத வாதம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகப் பௌத்தம் காட்டுவது, ஒவ்வொன்றும் வேறு சிலவற்றைச் சார்ந்து தோன்றி அச்சார்பு நீங்கும்போது மறைகிறது என்னும் சார்பில் தோற்றக் கொள்கையாகும். மணிமேகலையின் இறுதிக் காதை விளக்கும் பன்னிரு நிதானங்கள் இக்கொள்கையையே பிறவித் துன்பத்துக்குப் பொருத்திக் காட்டுகின்றன. இக்கொள்கையை ஏற்பவருக்கு ‘இது அழியுமா?’ என்ற வினா முடிந்துபோன ஒன்று. ‘எவற்றைச் சார்ந்து நிற்கிறது, எவற்றால் அழிகிறது?’ என்பதே எஞ்சும் வினா.

மேசை அமைப்பது இவ்வினாவுக்கு மரத்தைக் கொண்டு விடை காண்பதாகும். மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு ஈரம் தேவை. மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் அது வளர்வதில்லை. ஆனால் போன்சாய்த் தொட்டிகளுக்குக் கோடையில் நாள்தோறும், சில நாள்களில் இருமுறையும் நீர் ஊற்ற வேண்டியிருப்பதால், அவற்றைத் தாங்கும் மேசை நனையாதிருக்க வழியில்லை. நனைந்தது விரைவில் உலர வேண்டும் என்பதே செய்யக்கூடியது. ஆகவேதான் மேற்பலகைகள் இடைவெளி விட்டுப் பதிக்கப்படுகின்றன. கால்கள் மண்ணில் புதைக்கப்படாமல் கல்லின்மீதோ கான்கிரீட் கட்டையின்மீதோ நிறுத்தப்படுகின்றன. நீரை விரைந்து உறிஞ்சும் வெட்டுமுகங்கள் மழை படாதவாறு திருப்பப்படுகின்றன. வெளிறு நீக்கிய, வைரம் பாய்ந்த, ஹினோக்கி அல்லது சுகி என்னும் ஜப்பானிய மரம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. நனைந்த மண்ணுடன் கூடிய தொட்டியின் பாரத்தைக் கால்கள் தாங்கினாலும், பக்கவாட்டில் தள்ளும் புயற்காற்றைத் தாங்க மூலைக்கு மூலை சாய்வுச் சட்டம் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் மரம் அழியாது என்ற நம்பிக்கையிலிருந்து பிறக்கவில்லை. அழிவின் வழிகளை ஒவ்வொன்றாகக் கணக்கில் எடுத்தவரே உறுதியான மேசையைக் கட்டுகிறார். மரத்தை நிலையானதென எண்ணுபவரோ காலை நேரே மண்ணில் ஊன்றிவிடுகிறார்.

இத்தகைய அக்கறையே பற்றாக மாறாதா என்ற எதிர்வாதத்துக்கு ‘ஹச்சி நோ கி’ என்னும் ஜப்பானிய ‘நோ’ வகை நாடகம் விடை தருகிறது. வறுமையுற்ற சாமுராய் ஒருவர், பனி கொட்டும் இரவில் அடைக்கலம் தேடி வந்த துறவிக்குக் குளிர் காய விறகில்லாத நிலையில், தாம் பேணிவந்த பிளம், செர்ரி, பைன் என்னும் மூன்று தொட்டி மரங்களையும் வெட்டி எரிக்கிறார். வந்தவர் முன்னாள் ஆட்சித்தலைவரான ஹோஜோ தோக்கியோரி எனப் பின்னர் வெளிப்படுகிறது. செல்வமெல்லாம் இழந்த பின்னும் அம்மரங்களைக் கைவிடாத ஒருவரே அவற்றை விருந்தினருக்காக இழக்கவும் துணிகிறார். பேணாது விடப்பட்ட மரமாயின் அதை எரித்ததில் ஈகை ஏதும் இருந்திராது. ஆகவே பேணுதல் வேறு, பற்றுதல் வேறு. கொடுக்க வேண்டிய வேளையில் கை தளர்கிறதா என்பதைக் கொண்டே அவ்வேறுபாடு அறியப்படும்.

கட்டுபவரின் அறிவுக்கும் எல்லை உண்டு. 1625 முதல் பயிற்றப்பட்டு வந்த வெள்ளைப் பைன் ஒன்று, 1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், யமாக்கி குடும்பத்தின் நாற்றங்காலில் மதிற்சுவரின் மறைவில் நின்றதால் பிழைத்தது. 1976இல் அமெரிக்காவுக்கு அளிக்கப்பட்டு இன்று வாஷிங்டனிலுள்ள தேசிய மரப்பூங்காவில் இருக்கிறது. அச்சுவர் குண்டை எதிர்பார்த்து எழுப்பப்பட்டதன்று. சார்புகள் அனைத்தையும் ஒருவர் அமைத்துவிட முடியாது. தம் கைக்கு எட்டியவற்றைச் செம்மையாக அமைப்பதே அவர் கடன்.

சோட்டோ ஜென் மரபை ஜப்பானில் நிறுவிய டோகென், 1237இல் மடத்துச் சமையற்காரருக்கு எழுதிய அறிவுரையில், அரிசி களைவதும் காய்கறி ஆய்வதும் தியானத்துக்குக் குறையாத பயிற்சியே என வலியுறுத்தினார். அந்நோக்கில் மேசைத் தச்சும் பயிற்சியே. ஆயினும் அது வேண்டும் ஒழுக்கம் இன்னும் ஒரு படி கடியது. போன்சாய் பெரும்பாலும் வளர்த்தவரைவிட நெடிது வாழ்கிறது. மேசையோ மரத்துக்கு முன்பே உளுத்துவிடுகிறது. எனவே பலகைகளைப் பசையால் நிரந்தரமாக ஒட்டாமல், துருப்பிடிக்காத போல்ட்டுகளால் கழற்றத்தக்கவாறு இணைப்பதே தக்கது. தம் வேலையைப் பின்னொருவர் பிரித்து மாற்றுவார் என்பதை முன்னமே ஒப்புக்கொண்டு கட்டப்படும் மேசையில் உறுதியும் நிலையாமையும் முரண்படுவதில்லை. முன்னையது பின்னையதை அறிந்ததன் பயனாகிறது.